பொத்தான் இல்லாத மேலங்கி

இன்னாசித்தம்பி அண்ணை உடுப்புக் கடைக்குள் நுழைந்தால் விற்பனைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. குளிர் அங்கி ஒன்றைக் கையில் கொடுத்தால் மனிதர் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்கமாட்டார். அதைப் போட்டுக்கொண்டு கடையின் நடுவில் குந்துவார், எழும்புவார், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்குவார். பிறகு கால்களை அகட்டி நின்று, கண்ணுக்குத் தெரியாத கயிறு ஒன்றைக் கை மாற்றிக் கை மாற்றி நெஞ்சை நோக்கி இழுப்பார். பத்துப் பன்னிரண்டு முழம் இழுத்த பிறகு, குனிந்து அங்கியின் முன்பக்கத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்துவிடுவார்.

"தெறி இருக்கு, தம்பி. வலை கொழுவும்."

தெறி என்றால் எங்கள் பக்கத்தில் பொத்தான். வலை இழுக்கிறவன் சட்டையில் பொத்தான் இருந்தால் கண்ணி அதில் சிக்கிக்கொள்ளும், சிக்கினால் ஒன்றில் வலை கிழியும் அல்லது ஆள் இழுபடுவான் என்பது அவருடைய கணக்கு. பொத்தான் வைக்காத குளிர் அங்கியை எந்தத் தையற்காரன் தைத்திருக்கிறான்? பேர்லினில் நொய்கெல்ன் பகுதியில் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டோம். மொழிபெயர்ப்பாளன் என்ற பெயரில் கூடப் போன எனக்கு, அந்தப் பெண்களிடம் இதை ஜேர்மன் மொழியில் விளக்கிச் சொல்லி வாய் உளைந்துவிட்டது. எனக்குப் பொறுமை குறைவு. நாலாவது கடை வாசலில் நான் கத்தியே விட்டேன். அவர் அடுத்த கடைக்கு நடந்தார்.

இது எண்பத்தேழாம் ஆண்டு தை மாதம். பேர்லினில் அப்படி ஒரு குளிர். ஹாவல் ஆறு அகன்று ஏரியாகிற இடமெல்லாம் உறைந்து, அதன் மேல் குழந்தைகள் சறுக்கி விளையாடினார்கள்.

இன்னாசித்தம்பி அண்ணைக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. ஊர் மன்னாரில் பேசாலை. பதினொரு வயதில் கடலுக்கு இறங்கியவர். மனைவி ஞானமலரும் இரண்டு பெண் பிள்ளைகளும் இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் இருந்தார்கள். இவர் எண்பத்து நாலில் பேர்லினுக்கு வந்து அகதி மனுப் போட்டுவிட்டு, மற்ற எல்லோரையும் போல முடிவுக்குக் காத்திருந்தார். ஹைம் என்று நாங்கள் சொல்லும் அகதிகள் விடுதியில், மூன்றாம் மாடியில், ஒரே அறையில் அவரும் நானும் இருந்தோம். நான் நித்தியானந்தன். யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவன். மாலை வகுப்புக்குப் போய்க் கொஞ்சம் ஜேர்மன் படித்ததால், விடுதியில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

வேலை செய்யாமல் இருப்பது என்னைப் போன்றவனுக்குப் பழகிவிடும். புத்தகம் இருக்கிறது, தேநீர் இருக்கிறது, அரசியல் பேச ஆட்கள் இருக்கிறார்கள். இன்னாசித்தம்பி அண்ணைக்கு அது பழகவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருப்பார். அந்தக் கைகள் சும்மா கிடப்பதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருக்கும். பிறகு நடக்கத் தொடங்கினார். காலையில் கிளம்பி, தண்ணீர் எங்கே தெரிகிறதோ அந்தப் பக்கமாக நடந்து, இருட்டுகிற நேரம் திரும்புவார்.

அப்படி நடந்து போன ஒரு நாள்தான், நகரின் மேற்கு ஓரத்தில், ஸ்பண்டவுக்கு அப்பால் ஆற்றங்கரையில் ஒருவர் வலை காயப் போட்டிருப்பதைக் கண்டிருக்கிறார். வலையில் ஓர் ஆள் நுழையக்கூடிய ஓட்டை. அண்ணை யாரையும் கேட்கவில்லை. அங்கே கிடந்த நூலையும் வலை ஊசியையும் எடுத்து, இருந்து பொத்தத் தொடங்கிவிட்டார். வலைக்குச் சொந்தக்காரர் ஹெர் க்ரூல், அறுபது வயதுக் கிழவர், கள்ளன் என்று நினைத்துச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடி வந்தாராம். கிட்ட வந்து முடிச்சுகளைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கோப்பி கொண்டு வந்தாராம்.

க்ரூலோடு வேலை செய்த ஆள் முதுகு நோவென்று அந்த மார்கழியில் வேலையை விட்டு நின்றுவிட்டார். குளிர்காலத்தில் பனிக்கட்டியை வெட்டி, அதன் கீழே வலை விடுகிற வேலைக்கு வர வேறு ஆள் இல்லை. வந்து இரண்டு வருடம் கடந்த அகதிக்கு வேலை அனுமதி கேட்கலாம். ஆனால் ஜேர்மன்காரர் யாரும் வராத வேலையாக இருக்க வேண்டும், முதலாளி அன்ட்ராக் என்ற விண்ணப்பப் படிவத்தில் காரணம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். சட்டம் இறுகப் போகிறது, இந்த முறை விட்டால் இன்னும் பல வருடம் கட்டிலில்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் க்ரூலிடம் போய்ப் பேசினேன். அவர் நேர்மையாகவே சொன்னார். வலை பொத்துவது வேறு, பனிக்கட்டியில் நிற்பது வேறு. வெயில் நாட்டுக்காரன் இதைத் தாங்குவானா என்று தெரியாமல் கையெழுத்து வைக்கமாட்டேன். வருகிற திங்கட்கிழமை ஒரு நாள் வரட்டும். காலையிலிருந்து பொழுது சாயும் வரை நின்றுவிட்டால் அன்றைக்கே வைக்கிறேன். ஆனால் சரியான உடுப்போடு வர வேண்டும், பனியில் ஈரமாகிறவனை நான் சுமந்துகொண்டு வரமுடியாது.

அதனால்தான் இந்தக் கடை ஏற்றம். தேவாலயத்துப் பழைய உடுப்பு அறையில் கம்பளிக் கோட்டுகள் கிடைத்தன. அண்ணை ஒன்றின் கையை வாளித் தண்ணீரில் தோய்த்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதோடு தண்ணிக்குள் விழுந்தால் அந்தோனியாரே வந்தாலும் தூக்க ஏலாது என்றார். மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் அங்கி தண்ணீர் விடாது. ஆனால் குளிரில் விறைத்து மடிப்பில் வெடிக்கும், உள்ளே வேர்வை தங்கும். பட்டாளத்து அங்கி நல்லது, அதில் ஒன்பது பொத்தான். நான் அந்த வருடம்தான் வாங்கியிருந்த என் நீல நிற இறகு ஜாக்கெட்டைக் காட்டி, இது மாதிரி ஒன்று எடுங்கோ என்றேன். தொட்டுப் பார்த்தார். "சூடு காணும். மழைக்கு நிக்காது" என்றார். அதற்கு நான் முகத்தை நீட்டிக்கொண்டேன்.

கடைசியில் அது கடையிலிருந்து வரவில்லை. ஞாயிறு பூசையில் பக்கத்து வாங்கில் இருக்கும் ஃபிராவ் ஷெங்க் என்ற விதவை, பாதிரியார் சொல்லிக் கேள்விப்பட்டு, சனிக்கிழமை ஒரு பெரிய பையோடு விடுதிக்கே வந்தார். இறந்துபோன அவருடைய கணவர் குளிர்காலம் முழுதும் பனிக்கட்டியில் துளை போட்டு, முக்காலியில் இருந்து தூண்டில் போடுகிறவராம். பையில் அவருடைய மேலங்கியும் மார்பு வரை வரும் காற்சட்டையும் இருந்தன. மெழுகு ஏற்றிய தடித்த துணி, உள்ளே கம்பளி. தலை வழியாகப் போட்டு, கழுத்தில் நாடாவால் கட்டுவது. ஒரு பொத்தான் கிடையாது.

அண்ணை அதைப் போட்டுக்கொண்டு குந்தினார், எழும்பினார், கயிறு இழுத்தார். பிறகு ஒரு குவளை தண்ணீரைத் தோளில் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். தண்ணீர் வாத்து முதுகில் ஓடுவது போல உருண்டு தரையில் விழுந்தது. அவர் சிரித்ததை இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் நான் முழுதாகப் பார்த்தேன். அந்தப் பெண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே நன்றி சொன்னார். அவரும் விளங்கினது போலத் தலையாட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

இனிச் சொல்லப் போவது என்னுடைய கெட்டித்தனம்.

அந்த அங்கி மணத்தது. பழைய மீன், புகையிலை, ஏதோ கொழுப்பு, எல்லாம் சேர்ந்த மணம். கதவுக்குப் பின்னால் தொங்கிய அதைப் பார்த்துக்கொண்டு நான் அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. போதாததற்கு அது செத்த மனிதருடைய உடுப்பு. செத்த வீட்டுக்குப் போய் வந்தாலே வாசலில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருகிற குடும்பம் எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணை பூசைக்குப் போனார். நான் அங்கியையும் காற்சட்டையையும் தூக்கிக்கொண்டு நிலக்கீழ் அறையில் இருந்த துவைக்கும் இயந்திரத்துக்குப் போனேன். தொண்ணூறு பாகைச் சூடு, இரண்டு பங்கு சலவைத் தூள், மேலே ஒரு கைப்பிடி சோடா. ஒரு தரம் போதாதென்று இரண்டு தரம் போட்டேன். கறுப்பாய் இருந்த துணி வெளிறிய பச்சையாய், பஞ்சு மாதிரி மெத்தென்று வெளியே வந்தது. சவர்க்கார வாசம். எனக்கே என்னை மெச்சத் தோன்றியது.

அண்ணை வந்து அதைக் கையில் எடுத்தார். விரலால் நெருடிப் பார்த்தார். பிறகு தண்ணீர்க் குழாயடிக்குப் போய்க் கையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துத் தோளில் விட்டார். தண்ணீர் அப்படியே உள்ளே இறங்கியது. துணிக்கு அடியில் பிடித்திருந்த அவருடைய கை நனைந்தது.

ஊத்தையாக இருந்தது, அதுதான் கழுவினேன் என்று மளமளவென்று சொன்னேன்.

"ஓம், ஊத்தை இருந்ததுதான்" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை, கடை எதுவும் இல்லை. அவர் விடுதி முழுதும் அறை அறையாகப் போய், நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கி மிஞ்சிய மெழுகுதிரிகளைச் சேர்த்துக்கொண்டு வந்தார். அங்கியை மேசையில் விரித்து, திரியைத் தேய்த்து, மேலே இஸ்திரிப் பெட்டியை ஓட்டினார். நானும் ஒரு திரியை எடுத்துத் தேய்த்தேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, தேய்க்கச் சொல்லவும் இல்லை. மெழுகு நெஞ்சுக்கும் தோளுக்கும் காற்சட்டை முழங்காலுக்கும்தான் காணுமாக இருந்தது. கைகளுக்கு மிச்சமில்லை. வலை இழுப்பவனுக்கு முதலில் நனைவது கை என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். முதலில் நெஞ்சு, நெஞ்சு குளிர்ந்தால் ஆள் முடிந்தான் என்று மட்டும் சொன்னார்.

திங்கள் காலை ஏழாம் இலக்க யு-பான் நிலக்கீழ் ரயிலில் ஸ்பண்டவுக்கும், அங்கிருந்து பஸ்ஸில் கரைக்கும் போனோம். க்ரூல் எங்களைக் கூட்டிக்கொண்டு பனிக்கட்டியின் மேலே நடந்தார். நான் ஒவ்வொரு அடியையும் கடவுளை நினைத்துக்கொண்டுதான் வைத்தேன். அண்ணையும் பயந்துதான் இருந்தார், ஆனால் அவர் பயந்தால் காலால் தட்டித் தட்டிச் சத்தத்தைக் கேட்பார். க்ரூல் அதைக் கவனித்துக்கொண்டு வந்தார்.

வேலை இப்படி. பெரிய துளை ஒன்று வெட்டுவார்கள். அங்கிருந்து நேர்கோட்டில் சின்னத் துளைகள். கயிறு கட்டிய நீண்ட மரச் சட்டத்தைப் பெரிய துளைக்குள் விட்டு, பனிக்கட்டிக்குக் கீழால் ஒவ்வொரு துளையாகக் கவைத் தடியால் தள்ளிக் கொண்டு போவார்கள். கடைசித் துளையில் கயிற்றை எடுத்து இழுத்தால், பின்னால் வலை போய்த் தண்ணீருக்குள் விரியும். முதல் வலையை வைத்துவிட்டு, போன கிழமை வைத்த வலையை எடுக்கப் போனார்கள். அண்ணை துளையருகில் கால்களை அகட்டி நின்று, கடைகளில் இழுத்துக் காட்டிய அதே மாதிரி இழுத்தார். நான் அன்றைக்கு அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வலை வெளியே வந்த உடனே காற்றில் விறைத்துக் கம்பியாகிவிடும், அதற்கு முன் மீனைக் கழற்ற வேண்டும். க்ரூல் ஒரு மீன் கழற்றுகிற நேரத்தில் அண்ணை மூன்று கழற்றினார். பெயர் தெரியாத மீன்கள்தான், ஆனால் எது எந்தச் செவிளில் மாட்டியிருக்கும் என்பது அவருடைய விரலுக்குத் தெரிந்திருந்தது.

மதியம் தாண்டும்போது கைகள் இரண்டும் முழங்கைக்கு மேலே நனைந்துவிட்டன. ஈரம் அக்குள் வரை ஏறியது. பல் கிட்டுவதை மறைக்க அண்ணை வாயை இறுக்கி வைத்துக்கொண்டார். உதடு சாம்பல் நிறமானது. க்ரூல் வேலையை நிறுத்தி, கிட்ட வந்து அங்கியின் கையைப் பிடித்துப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது. க்ரூலின் முகம் மாறிவிட்டது.

இது மெழுகுத் துணி, யாரோ சலவை செய்திருக்கிறார்கள் என்றார். பனிக்கட்டிக்கு வருகிறவன் உயிரைக் காக்கிற உடுப்பைச் சோடாவில் அவிக்கிற ஆளாக இருந்தால், அவனுக்கு வலை எவ்வளவு தெரிந்தும் பிரயோசனமில்லை, நாளைக்குக் கயிற்றையும் அப்படித்தான் பார்ப்பான், அவனை நம்பி நான் இதில் நிற்கமாட்டேன் என்றார். பிறகு என்னிடம், யார் கழுவியது என்று அவனைக் கேள் என்றார்.

நான் தமிழில் சொன்னேன். ஒன்றையும் விடாமல்தான் சொன்னேன். அண்ணை என்னைப் பார்த்தார்.

"நான்தான் கழுவினனான் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

அந்த மூன்று பேருக்குள் இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவர் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தால் என் மேல் ஒரு தூசியும் படாது. அவர் திரும்பவும் கட்டிலில் போய், கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். ஒரு நொடி நான் அதை யோசித்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் யோசித்தேன்.

"இஹ்" என்றேன். நான் என்பதற்கு ஜேர்மனில் அந்த ஒரு சொல்தான். நான்தான் கழுவினேன், அவர் பூசைக்குப் போயிருந்தார், வந்து பார்த்துவிட்டு இரவு முழுதும் மெழுகு தேய்த்தார் என்று சொன்னேன்.

ஏன் கழுவினாய் என்று கேட்டார் க்ரூல்.

மணத்தது என்றேன். இறந்தவருடைய உடுப்பு, மீன் மணம், என்னால் அந்த அறையில் படுக்க முடியவில்லை என்றேன்.

க்ரூல் என்னை மேலும் கீழும் பார்த்தார். மீன் மணக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டுக் காறித் துப்பினார்.

நான் என் நீல ஜாக்கெட்டைக் கழற்றினேன். அண்ணை மறுத்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, போடுங்கோ என்று கத்தினேன், அந்தப் பனி வெளியில் அது எங்கேயோ போய் எதிரொலித்தது. இறகு ஜாக்கெட்டை உள்ளே போட்டு, அதன் மேல் அங்கியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அங்கியின் நனைந்த கைகள் வெளிப்பக்கம் உறைந்து தகடாகி, காற்றை உள்ளே விடவில்லை. ஸ்வெட்டரோடு நின்ற என் கையில் க்ரூல் கயிற்றைத் தந்து, இழு, சூடு வரும் என்றார். இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. பொழுது சாயும் வரை மூன்று பேரும் இழுத்தோம்.

கரையில் இருந்த கொட்டிலில், அடுப்படியில் வைத்து, க்ரூல் படிவத்தை எடுத்தார். ஏன் இந்த ஆளையே எடுக்கிறீர்கள் என்று கேட்கும் இடத்தில் நெடுநேரம் பேனையை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வைத்தார். என்ன எழுதியிருக்கிறான் என்று அண்ணை கேட்டார். வாசித்துச் சொன்னேன். இவருக்கு இந்த வேலை தெரியும். இவரைப் போல வேலை தெரிந்த வேறு ஆள் எனக்குக் கிடைக்கவில்லை. முதல் வரியைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னார், வாசித்தேன்.

பஸ்ஸில் வரும்போது நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். செத்தவருடைய உடுப்பு என்பதால்தான் கழுவினேன் என்று திரும்பவும் தொடங்கினேன். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, கோபமே இல்லாமல் பேசினார்.

"செத்தவரின்ர மணம் இல்லை, தம்பி. நான் வந்து படுத்தா நீங்கள் சன்னலைத் திறக்கிறனீங்கள். பனி கொட்டேக்கையும் திறந்தனீங்கள். எனக்குத் தெரியும்."

இதை நான் இவ்வளவு நேரமும் எழுதாமல் விட்டேன். எழுதாமலே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அன்றைக்கு முன் அவர் மீன் பிடித்து இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தது, தினமும் குளிக்கிறவர், அவரிடம் ஒரு மணமும் இல்லை. ஆனால் அவர் என்ன சாதி என்பது எனக்குத் தெரியும், என் மூக்குக்கு அது போதுமாக இருந்தது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தவிர மற்ற எல்லா நாளும் மீன் சமைப்பார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்தும் ஏன் தானே கழுவியதாகச் சொல்லச் சொன்னார் என்று கேட்டேன்.

"க்ரூல் எங்கள் ரெண்டு பேரையும் ஒரே மாதிரித்தான் பாக்கிறான். ஊரில நீங்கள் யார், நான் யார் எண்டு அவனுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் எண்டு நினைச்சன்."



பங்குனியில் அனுமதி வந்தது. க்ரூல் வலைக் கொட்டிலுக்கு மேலே ஓர் அறை கொடுத்தார். அண்ணையின் பெட்டியை ஒரு பக்கம் நான் பிடித்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு சின்ன அடுப்பு இருந்தது. அன்று காலை பிடித்த மீனை அவர் தேங்காய்ப் பால் இல்லாமல், தக்காளியும் மிளகாயும் போட்டுக் குழம்பு வைத்தார். விடுதியில் இரண்டு வருடமும் அவர் பானை வேறு, என் பானை வேறு. ஒரு நாளாவது அவர் என்னைச் சாப்பிடக் கேட்டதில்லை. நான் என்ன சொல்வேன் என்று தெரிந்துதான் கேட்காமல் விட்டிருக்கிறார் என்பது இப்போது விளங்குகிறது.

நான் போகிறேன் என்று எழும்பினேன். அவர் அகப்பையோடு திரும்பினார்.

"சாப்பிட்டுப் போறீங்களோ?"

இருந்தேன். அவர் சாப்பாட்டுக் கோப்பை ஒன்றில் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, நடுத்துண்டை எடுத்து வைத்து என் முன்னால் வைத்தார். பிறகு சுவரோடு ஒதுங்கி நின்றார். ஊரில் எங்கள் வீட்டு வாசலில் அவருடைய ஆட்கள் எப்படி நிற்பார்களோ, அப்படியே நின்றார். அது அவருக்கே தெரியவில்லை.

"நீங்களும் இருங்கோ அண்ணை" என்றேன். "நீங்கள் இருந்தால்தான் நான் சாப்பிடுவன்."

அவர் இன்னொரு கோப்பையைத் தேடி எடுத்துக்கொண்டு வரும் வரை, நான் சோற்றில் கை வைக்கவில்லை.